பிலோமினாவாக இருந்த மூன்று நாள்

கண் திறந்தபோது முதலில் தெரிந்தது வானம். அதன் குறுக்கே பச்சையும் மஞ்சளுமாகக் கடதாசிக் கொடிகள் ஒரு நூலில் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு திரேசம்மாவின் முகம். மிகவும் கிட்ட இருந்தது. அவளுடைய மூக்கு நுனியில் வியர்வை ஒரு துளியாக நின்றது.

பின்மண்டை சுட்டது. கழுத்து வழியே ஏதோ ஈரம் இறங்கிச் சட்டைக்குள் போனது. இரத்தம் என்று நினைத்தேன். இரத்தமும் இருந்ததுதான்.

“பயப்பிடாதை. நான் உனக்கு ஞானஸ்நானம் குடுத்திட்டன்” என்றாள் திரேசம்மா. “இனி நீ செத்தாலும் நேரை மோட்சந்தான். உன்ரை பேர் பிலோமினா.”

எனக்கு அப்போது எட்டு வயது. சிவபாக்கியம் என்று பிள்ளையார் கோயில் ஐயர் எழுதிக் கொடுத்த பெயரோடு அதுவரை ஒரு குறையும் இல்லாமல் இருந்தவள். காலையில் அம்மா பூசிவிட்ட திருநீறு நெற்றியில் இருக்க, மாதா கோயில் வாசற்படியில் மண்டையை உடைத்துக்கொண்டு, புதுப்பெயரோடு கிடந்தேன்.

போன கிழமை எங்கள் புகையிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், சைவக் குடும்பத்துப் பிள்ளை கத்தோலிக்க வேதப் பள்ளிக்கூடத்தில் படித்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, வீட்டில் எப்படி விட்டார்கள் என்று கேட்டிருக்கிறார். விட்டார்கள். ஒரு முறை விடாமல் நிறுத்தவும் பார்த்தார்கள். அந்தக் கதைதான் இது.

அரைச்சுவர்ப் பள்ளிக்கூடம்

எங்கள் ஊர் பண்டத்தரிப்பில் இருந்து கடல் பக்கமாக ஒன்றரைக் கட்டை; கட்டை என்றால் மைல். தோட்டம் செய்கிற சைவக் குடும்பங்கள். இன்னும் அரைக் கட்டை நடந்தால் செம்மண் முடிந்து மணல் தொடங்கும். கரையோரம் இருந்தவர்கள் கடலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள். செம்மண்ணும் மணலும் சந்திக்கிற இடத்தில் மாதா கோயில், அதன் பக்கத்தில் பள்ளிக்கூடம்.

சைவப் பள்ளிக்கூடமும் ஒன்று இருந்தது. அதற்குத் தரவை வெளியைத் தாண்டிப் போகவேண்டும். மாரியில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அண்ணை போனார். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. வீட்டில் வைத்திருக்க ஐயாவுக்கு மனமில்லை. என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அரசாங்கக் கச்சேரியில் ஒரு முறை கையெழுத்துப் போடத் தெரியாமல் எல்லோர் முன்னாலும் பெருவிரலில் மை தடவிக்கொண்டு நின்றதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சுவாமி எங்கள் ஊருக்குள் வீடு வீடாக நடந்து வந்தார். பங்குக் குருவானவரை எல்லோரும் சுவாமி என்றுதான் சொல்வார்கள். பிரான்சில் இருந்து வந்த வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். புத்தகத்தில் இருப்பது போலவே பேசுவார். எங்கள் வேலிப் படலையடியில் நின்றுகொண்டு, “உங்கள் பெண்மக்களை என்னிடம் அனுப்புங்கள். எழுத்தும் கணக்கும் கற்பிப்பேன். அவர்கள் சமயத்தில் கைவைக்கமாட்டேன்” என்றாராம். அந்தத் தமிழைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மா குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாராம். ஐயா சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை நம்பி என்னை அனுப்பினார். ஐயாவைப் பார்த்து இன்னும் இருபது வீட்டுக்காரர் அனுப்பினார்கள்.

தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரே மண்டபம். சுவர் இடுப்பளவு. ஐந்து வகுப்புகளுக்கும் நடுவே தட்டி ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, முதலாம் வகுப்பு அரிவரி பாட, தலைமை வாத்தியார் இரண்டுக்கும் நடுவே பிரம்பால் மேசையில் தட்ட, பக்கத்துக் கோயிலில் இருந்து சாம்பிராணி மணம் வரும். காற்று மாறினால் கருவாட்டு மணம் வரும்.

கோயில் மணிதான் பள்ளிக்கூட மணி. கரையில் யாராவது இறந்தால் பாடத் தெரிந்த பிள்ளைகள் பிரேதத்தோடு போய்விடுவார்கள். கடலுக்குப் போன வள்ளம் திரும்பப் பிந்தினால் கணக்குப் பாடம் நின்றுவிடும். எல்லோரும் எழுந்து செபம் சொல்வார்கள். சைவப் பிள்ளைகள் நாங்களும் எழுந்து நிற்போம். எங்களை யாரும் நிற்கச் சொன்னதில்லை. பக்கத்தில் இருப்பவளின் தகப்பன் கடலில் நிற்கும்போது எப்படிக் குந்திக்கொண்டிருப்பது?

கத்தோலிக்கப் பிள்ளைகள் வேதம் படிக்கும் ஞானோபதேச நேரத்தில் மட்டும் எங்களை வெளியே வேம்படிக்கு அனுப்பிவிடுவார்கள். அது சுவாமி கொடுத்த வாக்கு. நாங்கள் சிலேட்டில் கணக்குப் போடவேண்டும். ஆனால் அரைச்சுவர் கண்ணையே மறைக்காது, காதை எப்படி மறைக்கும்? உள்ளே வாத்தியார் கேள்வி கேட்பார்; நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் விடை சொல்வார்கள். வேம்படியில் இருந்தே நான் முழுவதையும் பாடமாக்கிவிட்டேன். ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்க யாரால் முடியும் என்பது ஒரு கேள்வி. புத்தி அறிந்த எவராலும் முடியும் என்பது விடை. ஞானஸ்நானம் இல்லாதவர்கள் மோட்சத்துக்குப் போகமுடியாது என்று இன்னொரு விடை. மேல்வகுப்புக் கணக்கைக் கேட்பது போல, எனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாகத்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரேசம்மா

ஒரே வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் திரேசம்மா. வயதும் ஒன்றுதான். தகப்பன் சவரிமுத்து கடற்றொழில். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள் என்பதால் வகுப்புக்கு வரும்போதே பாதி நாள் வேலை முடித்துவிட்டு வருவாள். அவளுடைய கையில் எப்போதும் விறகுப் புகை மணக்கும். எனக்கு வராத பெருக்கலை மேசைக்குக் கீழே விரல்விட்டுக் காட்டுவாள். அவளுக்கு வராத ழகரத்தை நான் சொல்லிக்கொடுப்பேன்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முந்தின வருடம் அவர்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் இருந்து இறந்தது. சுவாமியைக் கூட்டிவர ஆள் ஓடியது. அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டில் இருந்த ஒருவருக்கும் அந்தப் பதற்றத்தில் தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றத் தோன்றவில்லை. தாய் அழுததெல்லாம் குழந்தை செத்ததற்காக மட்டும் அல்ல, ஞானஸ்நானம் இல்லாமல் போனதற்காகவும்தான் என்று திரேசம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தக் கேள்விக்கு நாற்பது பிள்ளைகள் விடை சொல்லும்போது அவள் குரல் மட்டும் கொஞ்சம் உரத்துக் கேட்கும்.

புதன்கிழமை

திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு பாடம் கிடையாது. பெரிய பிள்ளைகள் கடற்கரையில் இருந்து வெள்ளை மணல் அள்ளிவந்து முற்றத்தில் பரப்பினார்கள். சின்னவர்கள் கடதாசிக் கொடி ஒட்டினோம். பந்தல் போடுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வாத்தியார்மார் உள்ளே பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டிய கொடியைப் பந்தற்காலில் கட்டுவதற்காக நான் ஒரு வாங்கைக் கொண்டுவந்து மணலில் வைத்து ஏறினேன். மணலில் வாங்கு எப்படி நிற்கும்? அது சரிய நான் பின்பக்கமாகப் போய்க் கருங்கல் படியில் விழுந்தேன். நின்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினார்கள். திரேசம்மா ஓடவில்லை.

பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு. தலைமை வாத்தியார் என்னைத் தூக்கினார். பரியாரியார் வந்து பச்சிலை அரைத்துக் கட்டினார். தோல்தான் கிழிந்திருக்கிறது, பயமில்லை என்றார். மாட்டுத் திருக்கல் வண்டியில் என்னை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த நாள் காலையில் அம்மா என் தலையணையை எடுத்து உதறியபோது, எனக்கு இன்னொரு பெயரும் இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். யார் வைத்தது, எப்படி வைத்தது எல்லாம் சொன்னேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. கிணற்றடியில் பெரியம்மா நின்றிருந்தார். பெரியம்மா கேட்டால் பெரியப்பா கேட்ட மாதிரி. ஐயாவின் தமையனான பெரியப்பா பிள்ளையார் கோயிலுக்குப் பொறுப்பானவர். அவர் கேட்டால் ஊர் கேட்ட மாதிரி.

அன்றைக்கு எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவில்லை.

பெரியப்பா முற்றத்தில் நின்று, பள்ளிக்கூடம் என்று சொல்லிப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்றார். இருபது வீட்டாரும் பிள்ளைகளை நிறுத்தவேண்டும், திருவிழாவுக்கு வழக்கமாக அனுப்புகிற வாழைமரமும் வண்டிலும் இந்த முறை போகக்கூடாது என்றார். ஐயா சுவாமி வந்து நின்ற படலையடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நம்பிய வார்த்தை அல்லவா?

கரைப் பக்கத்திலும் கதை பரவிவிட்டது. திரேசம்மா தாயிடம் சொல்ல, தாய் மூப்பரிடம் சொன்னாராம். கோயில் காரியம் பார்க்கிற மூப்பர், ஞானஸ்நானம் விழுந்தால் விழுந்ததுதான், பிள்ளை இனி எங்கடை பிள்ளை என்று சொல்லித் திரிந்தாராம்.

என் பயம் இவை ஒன்றும் அல்ல. காலையில் இருந்த சந்தோஷம் பின்னேரத்துக்குள் போய்விட்டது. பாயில் படுத்துக்கொண்டு வேம்படியில் பாடமாக்கியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான் செத்தால் மோட்சம். அம்மாவுக்கு ஞானஸ்நானம் இல்லை. அப்படியானால் அம்மா வேறு இடம். இதுவரை மற்றவர்களுடைய கணக்காக இருந்தது இப்போது என்னுடையது ஆகிவிட்டது. அம்மா கஞ்சி கொண்டுவந்தபோது அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தலை நோகிறதாக்கும் என்று நினைத்து அம்மா தடவிக்கொண்டிருந்தார். எதற்கு அழுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அது உண்மை ஆகிவிடும் போல இருந்தது.

சரியான விடைகள்

வெள்ளிக்கிழமை சுவாமி ஆள் அனுப்பினார். சனிக்கிழமை காலை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எல்லோர் முன்னாலும் விசாரிப்போம் என்று.

போனோம். ஐயா, பெரியப்பா, அம்மா, தலையில் கட்டோடு நான். பள்ளிக்கூடம் வெறுமையாக இருந்தது. சுவாமி வாத்தியாருடைய கதிரையை ஐயாவுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பிள்ளைகளின் வாங்கில் இருந்தார். அவருடைய நீண்ட கால்கள் மேசைக்குக் கீழே அடங்கவில்லை. தலைமை வாத்தியார் நின்றார். மூப்பர் நின்றார். சவரிமுத்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திரேசம்மா என்னைப் பார்க்கவில்லை. அம்மா ஆண்கள் நடுவே வராமல் அரைச்சுவருக்கு வெளியே நின்றுகொண்டார்.

சுவாமி முதலில் ஐயாவிடம் பேசினார்.

“கந்தையா அவர்களே, நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். அதை நான் மீறவில்லை. ஆனால் ஒரு குழந்தை செய்தது சரியாகச் செய்யப்பட்டிருந்தால், அதை இல்லை என்று சொல்ல என்னாலும் முடியாது, எனக்கு மேலே உள்ளவர்களாலும் முடியாது. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். விசாரித்து உள்ளதைச் சொல்வேன்.”

ஐயா தலையை மட்டும் ஆட்டினார்.

சுவாமி திரேசம்மாவைக் கூப்பிட்டார். என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் சொல்வது போலவே சொன்னாள்: “பிலோமினா, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.” ஒரு எழுத்துப் பிசகில்லை. தலைமை வாத்தியாரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே அவருக்கு நிலைமை நினைவு வந்து குனிந்துகொண்டார்.

சொல்லும்போதே ஊற்றினாயா, சொல்லி முடித்து ஊற்றினாயா? சொல்லும்போதே. எங்கே ஊற்றினாய்? தலையில். தோலில் பட்டு ஓடியதா? ஓடியது. என்ன நினைத்து ஊற்றினாய்? கோயில் செய்கிறதைச் செய்ய நினைத்து.

அவள் சரியாகச் சொல்லச் சொல்லச் சுவாமியின் முகம் வாடிக்கொண்டே போனது. மாணவி எல்லாக் கேள்விக்கும் சரியான விடை சொல்வதைப் பார்த்து அவ்வளவு கவலைப்பட்ட ஒருவரை நான் பிறகு பார்த்ததில்லை.

“எந்தத் தண்ணீர்?” என்று கடைசியாகக் கேட்டார்.

திரேசம்மா கொஞ்சம் பிந்தினாள். “கிணத்துத் தண்ணி, சுவாமி.”

பெரியப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். மூப்பர் தன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். ஐயா கதிரையில் இருந்து அசையவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன்.

அரைச்சுவருக்கு வெளியே இருந்து அம்மாவின் குரல் வந்தது. அந்நிய ஆண்கள் முன்னால் அம்மா வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல்.

“கிணத்துத் தண்ணிக்கு எறும்பு வராது” என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்தே சொன்னார். வியாழக்கிழமை விடிய என் தலையணை முழுக்க எறும்பு மொய்த்திருந்தது. இரத்தத்துக்கு வந்தது என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆனால் காயம் இல்லாத பக்கத்து மயிரும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கிடந்ததாம். சட்டைக் கழுத்திலும் எறும்பாம்.

சுவாமி எழுந்து திரேசம்மாவுக்கு முன்னால் வந்து முழங்காலில் நின்றார். மெதுவாகக் கேட்டார்.

“மகளே, நான் உன்னைக் கோபிக்கமாட்டேன். எந்தத் தண்ணீர்?”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். கிணற்றுத் துலாவை இழுத்துத் தண்ணீர் அள்ள அவளுக்குப் பலம் காணாது. நான் மூச்சில்லாமல் கிடக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். தாமதித்தால் தங்கள் வீட்டுக் குழந்தைக்கு நடந்தது எனக்கும் நடந்துவிடும். பந்தற்காலடியில், சுவாமிக்கென்று வாய் சீவி வாழையிலையால் மூடி ஒரு இளநீர் வைத்திருந்தார்கள். அதை எடுத்து ஊற்றிவிட்டாள். சுவாமிக்கு வைத்ததை எடுத்தது களவு என்று பயந்து வெறும் இளநீர்க் கோம்பையை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டாள்.

சுவாமி எழும்பவில்லை. அப்படியே தரையில் இருந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“புதன்கிழமை எனக்கு ஏன் இளநீர் கிடைக்கவில்லை என்று இப்போதுதான் அறிகிறேன்” என்றார். பிறகு ஐயாவைப் பார்த்து, “தண்ணீர் தண்ணீராக இருக்கவேண்டும். இளநீர் தண்ணீர் அன்று. இது ஞானஸ்நானமே அன்று. உங்கள் பிள்ளை நீங்கள் பெற்றபடியே இருக்கிறாள்” என்றார்.

ஐயாவுக்கு அது உள்ளே போகக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மூப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவாமி கையைக் காட்டினார்.

பெரியப்பாதான் முதலில் கதைத்தார். அவர் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை, அன்றைக்கும் சிரிக்கவில்லை. “இளநீராலை நாங்கள் பிள்ளையாருக்கே அபிஷேகம் செய்யிறனாங்கள். அதாலை ஒரு பிழையும் வராது” என்று சொல்லிவிட்டு மறுபடி வாங்கில் இருந்தார். சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகு எல்லோருமே சிரித்தோம் என்று நினைக்கிறேன். எனக்குத் தலையின் கட்டுக்குள் விண்விண் என்றது.

ஐயா எழுந்து சுவாமியிடம் போனார்.

“சுவாமி, அந்தப் பிள்ளைக்கு அடிக்கக் கூடாது. என்ரை பிள்ளை சாகப்போறாள் எண்டு நினைச்சுத் தன்னட்டை இருந்ததிலை பெரிசைக் குடுத்திருக்கிறாள்.”

சுவாமி ஐயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் வெளியே வந்தபோது திரேசம்மா விம்மிக்கொண்டே அரைச்சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மா போகிற வழியில் நின்று, தன் சேலைத் தலைப்பால் அவள் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிட்டார். எனக்குத் துடைப்பது போலத்தான், கொஞ்சம் அழுத்தித் துடைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அம்மாவின் கையை ஆட்டிக்கொண்டே நடந்தேன். அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் போனோம். எங்களுக்கு முன்னால் பெரியப்பாவின் வண்டில் குலை தள்ளிய வாழைமரங்களோடு கோயில் முற்றத்துக்குப் போய் நின்றது. மூப்பர்தான் இறக்குவதற்கு ஒரு பக்கம் பிடித்தார்.

அந்த வருடம் முதல் ஞானோபதேச நேரத்தில் எங்களை வேம்படிக்கு அனுப்பவில்லை. கடற்கரைப் பக்கமாக, காது எட்டாத தூரத்தில் ஒரு கொட்டில் போட்டு அங்கே அனுப்பினார் சுவாமி. எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறைதான். பாதியில் விட்ட பாடங்கள் எத்தனையோ இருந்தன.

திரேசம்மா வாங்கின் நடுவில் இருந்தாள். நான் வந்து நிற்கிறேன் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

“அப்ப இனி நீ செத்தால் எங்கை போவாய்?”

“அம்மா போற இடத்துக்கு.”

அவள் யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள், பெருக்கல் கணக்குக்கு யோசிப்பது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

“உன்ரை அம்மா போற இடம் எண்டால் நல்ல இடமாத்தான் இருக்கும்” என்றாள். சொல்லிவிட்டு எனக்கு இடம் விட்டுத் தள்ளி இருந்தாள்.